பூரண சுகம்

சாலமோனை வாசலில் நிறுத்தாமல் வேறு எங்கே நிறுத்துவார்கள்? முப்பது வருஷத்துக்கு மேல் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராகக் குப்பை கொட்டியவர். தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயில் வந்து நின்று, கூட்டம் இடித்துக்கொண்டு இறங்கும்போது, டிக்கெட் எடுக்காதவனை நடையிலேயே கண்டுபிடித்துவிடுவார். அவசரமாகப் போகிறவன் டிக்கெட் எடுத்தவன், அவசரமே இல்லாத மாதிரி போகிறவனைத்தான் நிறுத்த வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். அப்படிப்பட்ட மனிதர் கையில், நெற்றிக்கு நேரே நீட்டினால் உடம்புச் சூட்டைக் காட்டும் கருவியைக் கொடுத்து, சர்ச் வாசலில் நின்றுகொள்ளுங்கள் என்றால் விடுவாரா? கறுப்புக் கோட்டு ஒன்றுதான் குறை, மற்றபடி பழைய உத்தியோகம் திரும்பிவிட்டது.

கொரோனாவின் முதல் அலை ஓய்ந்து, வழிபாட்டு இடங்களை நிபந்தனைகளோடு திறக்கலாம் என்று அரசாங்கம் சொன்ன சமயம் அது. இரும்புலியூரில் அவர்களுடைய சபை ஒன்றும் பெரிய சபையில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு உள்ளே வந்தால் ஒரு சின்ன மைதானம், ஒரு வேப்பமரம், அதற்குப் பின்னால் ஆலயம். வருகிறவர்களுக்குச் சூடு பார்த்து, கையில் சானிடைசர் ஊற்றி, முகக்கவசம் இருக்கிறதா என்று பார்த்து அனுப்ப ஒரு ஆள் வேண்டும் என்று ஆயர் ஞானையா கமிட்டியில் கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சாலமோன் மட்டும் நான் நிற்கிறேன் என்றார். ஆராதனை முழுக்க வெளியே நிற்க வேண்டியிருக்குமே, பிரசங்கம் கேட்க முடியாதே என்று ஆயர் தயங்கினார். வெளியே ஒரு ஸ்பீக்கரைக் கட்டிவிடுங்கள், போதும் என்றார் இவர். என்ன பெரிய மனசு என்று சபையே மெச்சியது. மெச்சட்டும், மெச்சட்டும். மனுஷனால் உள்ளே போக முடியாது, போக முடியாது என்று சொல்லவும் முடியாது. அதுதான் சமாசாரம்.

அவர் மனைவி யூனிஸுக்குச் சில வருஷங்களுக்கு முன்னால் இரண்டு சிறுநீரகமும் பழுதாகிப்போயின. சாலமோன் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். எல்லாச் சோதனையும் செய்து பார்த்து, பொருந்துகிறது என்று டாக்டர் சொன்னபோது யூனிஸ் படுக்கையில் கிடந்தபடியே சிரித்தாள். நம்ம கல்யாணத்துக்கு யாரும் பொருத்தம் பார்க்கலை, இப்ப ஆஸ்பத்திரியில பார்த்துட்டாங்க என்றாளாம். அதற்கப்புறம் வீட்டில் சண்டை வந்தால், என் கிட்னியை வச்சுக்கிட்டே என்னோட சண்டைக்கு வர்றியா என்று இவர் ஆரம்பிப்பார். அதோடு சண்டை படுத்துவிடும்.

அவள் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் சபையில் நன்றிக்கு ஸ்தோத்திர காணிக்கை படைத்தார்கள். அன்றைக்குச் சாலமோன் மைக் முன்னால் நின்று சாட்சி சொன்னார். சொல்லும்போதே தேம்பித் தேம்பி அழுதுவிட்டார். "கர்த்தர் என் மனைவிக்குப் பூரண சுகம் குடுத்துட்டார்" என்றார். சபை முழுக்க அல்லேலூயா என்றது. பழைய பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஹில்டா டீச்சர் எழுந்து வந்து யூனிஸைக் கட்டிக்கொண்டார். அங்கேதான் மனுஷன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

ஏனென்றால் அந்தச் சபையில் ஸ்தோத்திரம் பண்ணி முடித்த வியாதி முடிந்துபோன வியாதி. பிணியாளர்களுக்காக ஜெபிக்கும்போது அந்தப் பெயரை அப்புறம் சொல்ல மாட்டார்கள். நடமாட முடியாதவர்களுக்கு ஆயர் வீடு தேடிப் போய்த் திருவிருந்து கொடுப்பார், அதற்கும் அந்தப் பெயர் வராது. நல்லாயிட்டாங்களே, கர்த்தருக்கு நன்றி என்று முடித்துவிடுவார்கள். மறுபடியும் போய், இல்லை, இன்னும் சரியாகவில்லை என்றால் என்ன அர்த்தம்? கர்த்தர் கொடுத்தது அரைகுறை என்று அர்த்தமா, இவர் சொன்னது பொய்ச்சாட்சி என்று அர்த்தமா? யாரும் வாயைத் திறந்து கேட்க மாட்டார்கள். பார்க்கிற பார்வையில் கேட்டுவிடுவார்கள்.

டாக்டர் சொன்னதோ வேறு. வைத்த சிறுநீரகத்தை உடம்பு வேண்டாமென்று தள்ளிவிடாமல் இருக்க யூனிஸ் ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை எதிர்ப்புச் சக்தியை அமுக்கியே வைத்திருக்கும். தடுப்பூசி போட்டாலும் மற்றவர்களுக்குப் பிடிக்கிற மாதிரி இவளுக்குப் பிடிக்காது. நான்கு சுவருக்குள் கூட்டம் கூடுகிற இடத்துக்கு அவளும் போகக் கூடாது, அவளோடு இருக்கிறவரும் போகக் கூடாது. கொரோனா உங்களுக்கு வந்தால் அவர்களுக்கும் வந்த மாதிரிதான், அவர்களுக்கு வந்தால் நான் எந்த உறுதியும் தர முடியாது என்று டாக்டர் சாலமோன் முகத்தைப் பார்த்தே சொல்லியிருந்தார்.

ஊரே பூட்டிக்கிடந்த மாதங்களில் அவருக்கு இது பாரமாகத் தெரியவில்லை. எல்லோரும் வீட்டுக்குள் இருந்தார்கள், இவர்களும் இருந்தார்கள். ஆராதனையைப் போனில் பார்த்தார்கள். கனடாவில் இருக்கும் மகள் ஜென்சியும் அதே ஆராதனையை அங்கிருந்து பார்த்தாள். ஊர் திறக்கத் திறக்கத்தான் அவர் தனியாள் ஆனார். டீக்கடை திறந்தது, இவர் போகவில்லை. உறவில் கல்யாணங்கள் வந்தன, போனில் வாழ்த்தினார். காலையில் கூட நடக்கிற நண்பர்கள் கொஞ்ச நாள் கூப்பிட்டுப் பார்த்தார்கள், அப்புறம் கூப்பிடுவதை விட்டார்கள். பேசிப் பேசியே பிழைத்த மனுஷன். ரயிலில் அபராதம் போட்டவனிடம்கூட ஊர் எது, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்துத்தான் அனுப்புவார். அவருக்கு மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை அந்த வாசல் ஒன்றுதான்.

திறந்தவெளி, முகக்கவசம், ஒரு கை தூரம். டாக்டரே ஒத்துக்கொள்ளக்கூடிய ஏற்பாடு. வருகிற ஒவ்வொருவர் நெற்றிக்கும் கருவியை நீட்டிவிட்டு, பையனுக்கு வேலை கிடைத்ததா, மூட்டுவலி எப்படி என்று ஒரு வார்த்தை. திருவிருந்து ஞாயிற்றில் உள்ளே எல்லோரும் வாங்கி முடித்ததும், ஆயர் ஞானையா அங்கியோடு வெயிலில் இறங்கி வந்து, வாசல்காரருக்கும் ஒரு துண்டு அப்பம் கொடுத்துவிட்டுப் போவார்.  சாலமோன் வீட்டுக்குப் போனதும் வெளிக்குழாயில் கைகால் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு, யார் வந்தார்கள், யார் இளைத்துவிட்டார்கள், யார் புதுப் புடவை கட்டியிருந்தார்கள் என்று யூனிஸிடம் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பார். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்பாள்.

அந்தக் கருவி எதற்கும் உதவாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். மழைநாளில் எல்லோருக்கும் குறைத்துக் காட்டும். இதை நம்பினா நம்ம சபையில பாதிப் பேர் செத்துப்போயிருக்கணும் ஐயா என்று அவரே ஆயரிடம் சிரித்திருக்கிறார். நோய் இருக்கிறவனுக்குக் காய்ச்சல் இல்லாமலும் இருக்கும், காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டும் வருவான். தெரிந்தும் நின்றார். சட்டம் இருக்கிறது, நிற்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இரண்டாம் அலையில் சபை மறுபடி மூடியது. திறந்தது. மூன்றாவதும் வந்துபோனது. அதற்கப்புறம் அரசாங்கமே கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தது. ஜனங்களுக்கும் அலுத்துவிட்டது. முகக்கவசம் தாடைக்கு இறங்கியது. சாலமோனைக் கண்டதும் ஏற்றுவார்கள், தாண்டியதும் இறக்குவார்கள். கமிட்டியில் பொருளாளரான மெர்வின், கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, நல்ல பையன், ஆபீஸிலேயே இதையெல்லாம் எடுத்துட்டாங்க அங்கிள் என்று இரண்டு மூன்று வாரம் சொல்லிப் பார்த்தான். சாலமோன் காதில் வாங்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் ஒரு ஞாயிறு. வெயில் அப்போதே பல்லைக் காட்டத் தொடங்கியிருந்தது. ஹில்டா டீச்சர் வந்தார். தனிக்கட்டை, பிள்ளைகள் கிடையாது. அன்றைக்கு அவர் கணவரின் நினைவு நாள். அந்தச் சபையில் ஒரு வழக்கம், நினைவு நாளுக்குக் காணிக்கை உறையில் பெயரெழுதிக் கொடுத்தால், ஆயர் அந்தப் பெயரை வாசித்து ஜெபிப்பார், வீட்டார் எழுந்து நிற்பார்கள். டீச்சருக்கு வழக்கமாக வரும் ஆட்டோ வரவில்லை. ரோட்டோரமாக வெயிலில் நடந்தே வந்திருந்தார். கருவியை நீட்டினார் சாலமோன். சிவப்பு விளக்கு எரிந்தது.

இந்த மாதிரி நேரத்தில் அவர் என்ன செய்வார் என்று எல்லோருக்கும் தெரியும். வேப்பமரத்து நிழலில் கொஞ்சம் உட்காரச் சொல்லி, மறுபடி பார்த்து அனுப்புவார். அன்றைக்கு டீச்சருக்குப் பின்னால் வரிசை நின்றது. மெர்வின் அதில் நின்று, இதெல்லாம் ஒரு நாடகம் என்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். சாலமோனுக்கு என்ன புகுந்ததோ. டிக்கெட் இல்லாதவனைப் பிடித்த பழைய முகம் வந்துவிட்டது. இன்னைக்கு வேண்டாம் டீச்சர், வீட்டுக்குப் போயிடுங்க என்று சத்தமாகவே சொல்லிவிட்டார்.  டீச்சர் உறையை மட்டும் நீட்டினார். சாலமோன் அதை வாங்கி உள்ளே அனுப்பினார்.

டீச்சர் வீட்டுக்குப் போகவில்லை. எதிரே மூடியிருந்த ஜெராக்ஸ் கடையின் நிழலில் போய் நின்றார். உள்ளே கணவர் பெயரை வாசிப்பது வெளியே கட்டிய ஸ்பீக்கரில் கேட்டது. டீச்சர் தெருவில் நின்றபடியே முக்காட்டை இழுத்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார். பைக்கில் போன ஒருத்தன் ஹாரன் அடித்தான். சாலமோனுக்குப் பொறுக்கவில்லை. தெருவைத் தாண்டிப் போய்க் கருவியை மறுபடி நீட்டினார். பச்சை எரிந்தது. ஆனால் ஜெபம் முடிந்து, அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார்கள்.

"பரவாயில்ல சார். நீங்க உங்க வேலையைத்தானே செய்றீங்க" என்று சொல்லிவிட்டு டீச்சர் வந்த வழியே நடந்தார்.

அன்றைக்கு மத்தியானம் யூனிஸிடம் அவர் எதையும் ஒப்பிக்கவில்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தார். வேலை என்றாரே, எது வேலை? அந்தக் கருவி யாரையாவது காப்பாற்றியிருக்கிறதா? இல்லை. அப்படியானால் யாருக்காக அந்த அம்மாளைத் தெருவில் நிறுத்தினோம்? அந்தக் கேள்விக்குப் பதில் ஒன்றுதான், அது அவருக்குப் பிடிக்கவில்லை. தனக்கு நிற்க ஒரு இடம் வேண்டும் என்பதற்காக ஊரையே வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. எல்லோரும் உள்ளே உட்கார்ந்தார்கள். சாலமோன் வழக்கம்போல வராந்தாவில் ஜன்னலை ஒட்டி நாற்காலி போட்டுக்கொண்டார், காற்று வரட்டும் என்று ஒரு சாக்கு. வாசல் சோதனையையும் முகக்கவசக் கட்டாயத்தையும் எடுத்துவிடலாமா என்பதுதான் பேச்சு. வயசானவங்க அசிங்கப்பட்டுட்டு திரும்பிப் போறாங்க, வேண்டியவங்க மாஸ்க் போட்டுக்கட்டும், வேண்டாதவங்களை ஏன் வற்புறுத்தணும் என்றான் மெர்வின். ஆயர் இரண்டு பக்கமும் யோசிக்கிறவர். பலவீனமா இருக்கிறவங்களுக்காகப் பலமா இருக்கிறவங்க கொஞ்சம் சிரமப்பட்டா என்ன என்று கேட்டார். அப்படி யார் ஐயா இருக்காங்க நம்ம சபையில, இருந்தா சொல்லட்டும் என்றான் மெர்வின். அவன் வீம்புக்குச் சொல்லவில்லை, அவனுக்கு நிஜமாகவே தெரியாது.

ஆயர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வாசல்ல நிக்கிறவர் நீங்க, உங்க அபிப்பிராயம் என்ன சார் என்றார்.

சாலமோன் இரண்டு விஷயம் சொல்ல வந்திருந்தார். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தார். ஒன்று, கருவியால் பிரயோஜனமில்லை, எடுத்துவிடுங்கள். இரண்டாவது, மாசத்துக்கு ஒரு ஆராதனையாவது வேப்பமரத்தடியில், எல்லோரும் முகக்கவசம் போட்டுக்கொண்டு வையுங்கள். முதலாவதைச் சொன்னார். "அந்த மெஷின்ல ஒண்ணும் இல்ல ஐயா. எடுத்துடலாம்" என்றார். இரண்டாவது நாக்கு நுனிவரை வந்தது. எதற்கு என்று கேட்பார்களே. யூனிஸ் பெயரைச் சொல்ல வேண்டும். தான் மைக்கில் அழுதுகொண்டே சொன்ன பூரண சுகத்தைத் தன் வாயாலேயே திரும்ப எடுக்க வேண்டும். எச்சிலோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

எல்லோருக்கும் பாரம் இறங்கிய மாதிரி ஆனது. மெர்வின் எழுந்து ஜன்னலுக்கே வந்துவிட்டான். "இனிமே நீங்களும் உள்ள வந்து ஜம்முனு உக்காருங்க அங்கிள். ரொம்ப நாள் நின்னுட்டீங்க" என்றான். சாலமோன் தலையை ஆட்டினார்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. நோய் வந்ததிலிருந்து பவனி நடக்கவில்லை, இந்த வருஷம்தான் மறுபடி. சாலமோன் காலையிலேயே குளித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, போவதற்கு இடம் இல்லாமல் தன் வீட்டு கேட்டுக்குள் வந்து நின்றார். யூனிஸ் உள்ளே ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். தெருமுனையில் ஓசன்னா பாட்டுக் கேட்டது. குருத்தோலையை ஆட்டிக்கொண்டு சபையே வந்தது. ஒருவர் முகத்திலும் முகக்கவசம் இல்லை. இத்தனை நாளும் கண்ணை மட்டும் பார்த்து அடையாளம் கண்ட ஆட்கள், முழு முகத்தோடு சிரித்துக்கொண்டு போனார்கள். மெர்வின் பிள்ளையைத் தோளில் தூக்கியிருந்தான். வாங்க அங்கிள், வாங்க சார் என்று நாலைந்து பேர் கூப்பிட்டார்கள். சாலமோன் கையை ஆட்டினார். 

ஹில்டா டீச்சர் வரிசையை விட்டு விலகி இவர் வீட்டைப் பார்த்து வந்தார். கையில் இரண்டு ஓலை. சிரித்த முகமாக வந்து கேட்டின் கொக்கியில் கை வைத்தார்.

"அங்கேயே நில்லுங்க டீச்சர்" என்றார் சாலமோன். சொல்லிக்கொண்டே இரண்டடி பின்னால் நகர்ந்து, சட்டைப் பையிலிருந்த முகக்கவசத்தை எடுத்து மாட்டினார்.

டீச்சர் கையை எடுத்துக்கொண்டார். முகம் சுண்டிவிட்டது. "அன்னைக்கு நடந்ததை நான் மனசுல வச்சுக்கலை சார். நீங்கதான் வச்சிருக்கீங்க போல. இப்ப சபை வாசல்ல யாரும் யாரையும் நிறுத்தறதில்லையே. நீங்க ஏன் வரலை?"

ஒன்றும் சொல்லாமல் விட்டால் அந்த அம்மாள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு போய்விடுவார். இரண்டாம் தடவையும் அவரைத் தெருவில் நிறுத்தி அனுப்ப சாலமோனுக்கு மனசு வரவில்லை.

"யூனிஸுக்குச் சரியாகலை டீச்சர். ஆகவும் ஆகாது. மாத்திரையிலதான் ஓடிட்டிருக்கு. யாரோ ஒருத்தர் இருமினது என் மூலமா வீட்டுக்குள்ள போனா, அதோட முடிஞ்சுது" என்றார்.

"நீங்க சாட்சி சொன்னீங்களே சார்."

"சந்தோஷத்துல சொல்லிட்டேன்."

 டீச்சர் தானாகவே பின்வாங்கி, நடுத்தெருவுக்குப் போய் நின்றுகொண்டார். "கமிட்டியில ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? மாசத்துல ஒரு ஆராதனையை வெளியில வச்சு, எல்லாரும் மாஸ்க் போட்டு உக்காருங்கன்னா யார் மாட்டேன்னு சொல்லப்போறா? நானே முதல் ஆளா போட்டுட்டு வருவேனே" என்றார்.  ஓலைகளைக் காம்பவுண்டு சுவர்மேல் வைத்துவிட்டு, பவனி போன திசையில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

சாலமோன் உள்ளே வந்தார். யூனிஸ் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை.

"கமிட்டியில ஏன் சொல்லலை?" என்றாள்.

உனக்குத்தான் தலைக்குனிவா இருக்குமேன்னு பார்த்தேன் என்று இழுத்தார்.

"எனக்கா? என் உடம்பு எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாதா? நீங்க வாரா வாரம் அந்த வாசல்லயாவது போய் நின்னீங்க. யாரைப் பார்த்தேன், யார் என்ன சொன்னாங்கன்னு வந்து வந்து சொன்னீங்க. நான் கேட்டுட்டே இருந்தேன். இந்த ரெண்டு வருஷமா நான் யார் முகத்தைப் பார்த்தேன்? அதை ஒரு நாள் என்கிட்ட கேட்டிருக்கீங்களா?"

 தன் உடம்பையே பிய்த்துக் கொடுத்தோம் என்ற பெருமையில், வாங்கிக்கொண்டவளுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டியிருக்கும் என்பதை அவர் யோசிக்கவே இல்லை. வேப்பமரத்தடியில் நடக்கப் போகிற அந்த ஆராதனையை எத்தனையோ தடவை மனசுக்குள் நடத்திப் பார்த்திருந்தார். அத்தனை தடவையும் அங்கே அவர் மட்டும்தான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டதே இல்லை.

போனை எடுத்து ஆயர் ஞானையாவைக் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டார், எடுக்கவில்லை. பவனி போய்ச் சேர்ந்து ஆராதனை தொடங்கியிருப்பார்கள்.

"முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு யூனிஸ் மாத்திரைக்குத் தண்ணீர் எடுக்க எழுந்து போனாள்.